கெட் சீட்டுக்காக நான் காத்திருந்த வருடங்கள்

யூத முறைப்படி மணமான பெண், கணவனைப் பிரிந்து எத்தனை வருடம் தனியாக வாழ்ந்தாலும் சரி, அவன் தன் விருப்பத்தோடு ஒரு சீட்டை எழுதச் சொல்லி அவள் கையில் கொடுக்கும் வரை அவன் மனைவிதான். அந்தச் சீட்டுக்குக் கெட் என்று பெயர். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் வரும் தள்ளுதலின் சீட்டு நினைவுக்கு வரலாம், அதுதான் இது. எனக்கு அது கிடைக்க ஏறத்தாழ நான்கு வருடம் ஆனது. என்னென்ன நடக்கும், எதை முதலில் செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று ஒருவர்கூட எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பணமும் பாதிக் காலமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் பெனே இஸ்ரேல் சமூகம். மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்கள். அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் நான் வளர்ந்ததும் படித்ததும் சென்னையில். வீட்டில் மராத்தி, தெருவிலும் பள்ளியிலும் தமிழ். கல்லூரி முடித்து நர்சிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது குடும்பத்தோடு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தோம். இன்றும் மனம் விட்டுப் பேச எனக்குத் தமிழ்தான் வருகிறது. அதோடு, வெளிநாட்டில் யூதரைக் காதலித்து, மதம் மாறித் திருமணம் செய்துகொண்ட தமிழ்ப் பெண்கள் ஓரிருவரை எனக்கே தெரியும். அவர்களுக்கும் இந்தச் சட்டம் அப்படியே பொருந்தும் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இஸ்ரேலில் யூதர்களுக்குள் பதிவுத் திருமணம் கிடையாது. 1953ஆம் வருடச் சட்டப்படி யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் ரபி நீதிமன்றத்தின், அதாவது யூத மதகுருக்களின் நீதிமன்றத்தின், கையில் இருக்கின்றன. சைப்ரஸுக்குப் போய் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வருபவர்கள் நிறையப் பேர். ஆனால் இருவரும் யூதர்களாக இருந்தால் பிரியும்போது அவர்களும் இதே ரபி நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும். "நாங்கள் மத முறைப்படி கல்யாணமே செய்யவில்லை, எங்களுக்கு எதற்குக் கெட்" என்று நினைத்திருந்த ஒரு பெண்ணை நான் நீதிமன்ற வராந்தாவில் சந்தித்தேன். அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் சமூகத்துக்கும் இந்தக் கெட்டுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் தலைமை ரபி மன்றம், பெனே இஸ்ரேல் யாராவது வேறு சமூக யூதரைத் திருமணம் செய்ய வந்தால் அவருடைய தாய்வழி வம்சத்தை முடிந்த வரை பின்னோக்கி விசாரிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, இந்தியாவில் எங்கள் முன்னோர் விவாகரத்தின்போது முறையாகக் கெட் எழுதினார்களா என்ற சந்தேகம். இந்தியாவில் எங்களுக்கு ரபிகள் இருந்ததில்லை, அதை வைத்துத்தான் இந்தக் கேள்வி. எங்கள் ஆட்கள் ஜெருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். 1964இல் நாடாளுமன்றமே தலையிட்டு, இவர்கள் எல்லா விதத்திலும் முழு யூதர்கள் என்று தீர்மானம் போட்டது. அந்தக் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் திருமணப் பதிவுக்காக அப்பா அம்மாவின் கெத்துபாவை, அதாவது திருமண ஒப்பந்தத்தை, மும்பை ஜெபாலயத்திலிருந்து வரவழைத்து, சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு போனபோது, நாங்கள் யூதர்கள்தான் என்று நிரூபிப்பதிலேயே எங்கள் கவனம் முழுதும் போய்விட்டது. நாளை இந்தத் திருமணம் முறிந்தால் என்ன ஆகும் என்று எங்களிடம் எவரும் பேசவில்லை. மணப்பெண்களுக்கு ஒரு வகுப்பு உண்டு. அதில் மாதவிலக்குச் சட்டங்கள், மிக்வே என்னும் சடங்குக் குளியல், வெள்ளிக்கிழமை விளக்கு எல்லாம் அழகாகச் சொல்லித் தந்தார்கள். கெட் என்ற வார்த்தை அங்கே வரவேயில்லை.

அந்த வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். திருமணத்துக்கு முன்பே கையெழுத்திடக்கூடிய ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. இஸ்ரேலில் அதைப் பரஸ்பர மரியாதைக்கான ஒப்பந்தம் என்கிறார்கள். மரபு மாறாத ரபிகளும், ரபி நீதிமன்றத்தில் வாதாடும் ஒரு பெண்மணியும் சேர்ந்து 2000ஆம் வருடத்தை ஒட்டி எழுதியது. பிரிய வேண்டும் என்று ஒருவர் எழுத்தில் அறிவித்து, குறிப்பிட்ட காலம் கடந்தும் மற்றவர் விவாகரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மறுப்பவர் மாதாமாதம் ஒரு பெரிய தொகையை ஜீவனாம்சமாகக் கொடுக்க வேண்டும். கணவன், மனைவி இருவரையும் இது ஒரே மாதிரி கட்டுப்படுத்தும். கட்டாயப்படுத்தி வாங்கிய கெட் செல்லாது என்பது மதச் சட்டம். இது கட்டாயம் ஆகாது, தானாக ஏற்றுக்கொண்ட கடமைதான் என்ற முறையில் எழுதியிருப்பதால் அந்தச் சிக்கல் வராது. திருமணத்துக்கு முன் ஒரு நோட்டரியிடம் போய் உறுதிப்படுத்திக்கொண்டால் போதும். அமெரிக்காவிலும் மரபுவழி ரபிகளின் அமைப்பு இதே போன்ற ஒன்றை 1990களிலிருந்து வைத்திருக்கிறது. கல்யாண நேரத்தில் இதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். கெத்துபா மட்டும் என்னவாம்? கணவன் இறந்தாலோ பிரிந்தாலோ மனைவிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை மணமேடையிலேயே உரக்கப் படிக்கிறோம். அபசகுனம் என்று அங்கே யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லையே.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் மகளுக்கு ஐந்து வயதாகும்போது என் கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். அடி உதை கிடையாது. என் சம்பளம் அவர் கணக்கில் போகும், என் அம்மாவிடம் நான் பேசினால் வீட்டில் இரண்டு நாள் பேச்சு நிற்கும், அப்படிப்பட்ட வாழ்க்கை. அதை நீதிமன்றத்தில் எப்படி விளக்குவது என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் விவாகரத்து கேட்டதும் அவர் சொன்ன பதில் இது: "ஃபிளாட்டில் உன் பங்கை எழுதிக் கொடு, பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்காதே, அன்றைக்கே கெட் தருகிறேன்." அந்தக் கணமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இவரிடம் ஒரு சாவி இருக்கிறது, அதற்கு விலை கேட்கிறார் என்பது புரிந்துவிட்டது.

நல்லவேளையாக என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த நர்ஸ் சொன்ன வார்த்தை என்னைக் காப்பாற்றியது. இந்த நாட்டில் கெட் மட்டும்தான் ரபி நீதிமன்றத்துக்கே உரியது. சொத்து, பிள்ளை பராமரிப்பு போன்ற விஷயங்களைக் குடும்ப நீதிமன்றம் என்ற சிவில் நீதிமன்றத்திலும் கேட்கலாம். எங்கே முதலில் மனு போகிறதோ அங்கேதான் பெரும்பாலும் வழக்கு நிற்கும். 2016இலிருந்து ஒரு புது நடைமுறை: வழக்குக்கு முன்னால் சமரச மனு ஒன்று போட வேண்டும், அதிகாரிகளோடு சில சந்திப்புகள் நடக்கும், அது முடிந்ததும் மனு போட்டவருக்குத்தான் எந்த நீதிமன்றம் என்று தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பு. அவர் போடுவதற்கு முன்னால் நான் போட்டேன். அதனால் சொத்தும் பிள்ளையின் ஜீவனாம்சமும் சிவில் நீதிமன்றத்துக்குப் போயின. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. 2008 வரை விவாகரத்து ஆகாமல் சொத்தைப் பிரிக்கவே முடியாதாம்; கெட் தராத கணவன் வீட்டையும் சேர்த்தே பிடித்து வைத்திருக்கலாம். பெண்கள் அமைப்புகள் பல வருடம் போராடி அந்தச் சட்டத்தைத் திருத்த வைத்தன. பிரிவு என்ற பேச்சு வீட்டில் வந்தவுடனே, கோபம் தணியட்டும், பெரியவர்கள் பேசட்டும் என்று காத்திருக்காமல் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். சமரசம் பேசுவதை அதற்குப் பிறகும் பேசலாம்.

அப்புறம் ரபி நீதிமன்றம். மூன்று தயான்கள், அதாவது நீதிபதிகள். மூவரும் ஆண்கள், ஏனென்றால் தயானாகப் பெண்ணை நியமிப்பதில்லை. தயான்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் குறைந்தது நான்கு பெண்களாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததே 2013இல்தான். முதல் அமர்விலேயே என் கணவர் எழுந்து, "எனக்கு விவாகரத்தே வேண்டாம், என் மனைவியை நேசிக்கிறேன், குடும்ப சமாதானம் வேண்டும்" என்றார். வெளியே வந்ததும் அதே பழைய விலைப்பட்டியல். உள்ளே தயான்கள் என்னைப் பார்த்து, ஒரு குழந்தை இருக்கிறதே, இன்னொரு முறை முயன்று பாருங்களேன் என்றார்கள். ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பிறகு வாய்தா. அவர் வராத நாளில் வாய்தா, அவருடைய வக்கீல் வராத நாளில் வாய்தா, நடுவில் பண்டிகை விடுமுறை. ஒவ்வொரு வாய்தாவும் மாதக்கணக்கில் இழுத்தது. வாய்தாவுக்கு முந்தைய இரவுகளில் நான் தூங்கியதேயில்லை. என் ஜெபங்கள்கூட அந்தக் காலத்தில் கோபமாகத்தான் இருந்தன. காலையில் ஜெபப் புத்தகத்தைத் திறப்பேன், ஒரு வரி படிப்பேன், மூடிவிடுவேன்.

இந்தக் காத்திருப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல என்பதுதான் இதில் முள். ஏறத்தாழ 1000ஆம் வருடத்தில் ரப்பேனு கெர்ஷோம் என்ற பெரிய ரபி, பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவளைத் தள்ளக்கூடாது என்று தடை போட்டார். அதனால் காகிதத்தில் இருவருக்கும் சம்மதம் தேவை. ஆனால் மனைவி மறுத்தால், நூறு ரபிகளின் அனுமதி பெற்று ஆண் மறுமணம் செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மணமாகாத வேறு பெண்ணோடு அவனுக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைக்கு எந்தக் களங்கமும் இல்லை. பெண்ணுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. கெட் கிடைக்காத பெண் வேறொருவரோடு வாழ்ந்து பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளை மம்சேர் ஆகிவிடும். சாதாரண யூதர் யாரையும் மணக்க முடியாது, அதன் சந்ததிக்கும் அதே நிலை. அந்த மனிதரையே அவள் பின்னால் மணக்கவும் தடை வரும். இப்படிக் கட்டுண்டு நிற்பவளை அகுனா என்பார்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசையோடு சேர்ந்து வருடங்கள் போயின. இந்த இழப்பை எந்த ஷெக்கல் கணக்கிலும் எழுத முடியாது. கையில் கெட் வரும் வரை, யாரோடு காபி குடிக்கப் போகிறீர்கள், எந்தப் படத்தை எங்கே போடுகிறீர்கள் என்பதில்கூடக் கவனமாக இருங்கள். ஒரு ஆண் சக ஊழியரோடு நான் நிற்கும் குழுப்படம் ஒன்றை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் நீட்டியது. இது அநியாயம். ஆனாலும் எச்சரிக்கை தேவை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. ரபி நீதிமன்றத்தின் மனுக் கட்டணம் பெரிதல்ல. வக்கீலுக்கு மட்டும் 48,000 ஷெக்கல் போனது. சம்பளமில்லா விடுப்பு, சான்றிதழ்கள், ஆலோசகர் கட்டணம், மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் சேர்த்தால் 70,000 தாண்டியது. நம்மூர்க் கணக்கில் பதினைந்து லட்சத்துக்கு மேல். என் வக்கீல் நல்லவர், சொத்து வழக்கில் கெட்டிக்காரர். ஆனால் ஹலாகா என்னும் மதச் சட்டத்தில் அவருக்குப் பிடிமானம் இல்லை. தயான்கள் தல்மூத் என்னும் பழைய சட்ட நூலிலிருந்து ஒரு வரி சொன்னால் அவர் பேசாமல் நின்றுவிடுவார். இப்படியே இரண்டு வருடம் கரைந்தது.

திருப்பம் வந்தது ஒரு தோவேனெத் மூலமாக. ரபி நீதிமன்றத்தில் வாதாட மதச் சட்டம் படித்து உரிமம் பெற்ற பெண்களை அப்படி அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் இது ஆண்களுக்கு மட்டுமே உரிய வேலை. 1990இல் ஜெருசலேமில் ஒரு பெண்கள் கல்விக்கூடம் இதற்கென்று பயிற்சி தொடங்கியது. உரிமத் தேர்வு எழுதும் உரிமைக்காகவே அந்தப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. இன்று யாத் லாஇஷா, மாவோய் சாத்தூம் போன்ற அமைப்புகள் கெட் மறுக்கப்பட்ட பெண்களுக்காகவே இயங்குகின்றன. அவற்றில் இவர்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். என் வழக்கை எடுத்துக்கொண்ட அம்மா தலையில் துணி கட்டிய, சாப்பாத் என்னும் ஓய்வுநாளை முறைப்படி அனுசரிக்கும் ஒரு பாட்டி. என் கோப்பை முழுவதும் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் எதற்காக அவரை விட்டு விலக விரும்புகிறீர்கள் என்பதை இதுவரை நீதிமன்றத்தில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?" யாரும் சொல்லியிருக்கவில்லை. கோப்பு முழுக்க ஃபிளாட்டும் பணமும்தான்.

அவர் எடுத்து வைத்தது எங்கள் நூலையேதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிதிஸ் என்ற பெரிய ரபி எழுதிய சட்டத் தொகுப்பில், ஒரு பெண் தன் கணவனைப் பார்த்து, இவரை எனக்கு அருவருப்பாக இருக்கிறது, இவரோடு வாழ முடியாது என்று சொன்னால், உடனே அவனைக் கெட் தரச் செய்ய வேண்டும் என்றும், தான் வெறுப்பவனோடு படுக்க அவள் ஒன்றும் சிறைபிடிக்கப்பட்டவள் அல்ல என்றும் இருக்கிறது. அதே நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ரப்பேனு தாம் என்ற ரபி இப்படிப்பட்ட கருத்தை ஏற்கவில்லை. அவரைப் பின்பற்றியவர்களின் கருத்துத்தான் பிற்காலத்தில் நிலைத்தது. ஆனால் அதே ரப்பேனு தாம் இன்னொரு வழியைத் தந்தார். கெட் தர மறுப்பவனை அடிக்க வேண்டாம், ஆனால் அவனோடு வியாபாரம் செய்யாதீர்கள், விருந்துக்கு அழைக்காதீர்கள், ஜெபாலயத்தில் மரியாதை தராதீர்கள், சமூகம் அவனை விட்டு ஒதுங்கட்டும் என்றார். இதைக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். எண்ணூறு வருடத்துக்கு முன்பே என் நிலைமையை இவர்கள் யோசித்திருக்கிறார்கள். இதையெல்லாம் படித்த ஒரு பெண் வாதாட வந்ததால்தான் அது என் வழக்கில் ஒலித்தது. பெண்கள் தல்மூத் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த பயன் இது.

அவர் எனக்குச் சொல்லித் தந்த இன்னொன்று, தீர்ப்பின் வாசகம். ரபி நீதிமன்றம் விவாகரத்தைப் பற்றி நான்கு படிகளில் எழுதும்: பரிந்துரைக்கிறோம், கொடுப்பது புண்ணியக் கடமை, கொடுத்தே ஆக வேண்டும், கட்டாயப்படுத்தலாம். 1995இல் வந்த சட்டம், வாசகம் எதுவாக இருந்தாலும் மறுப்பவர்மீது தண்டனை விதிக்கலாம் என்கிறது. நாட்டை விட்டுப் போகத் தடை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, தொழில் உரிமம், கடைசியில் சிறை வரை. ஆனால் நடைமுறையில், கொடுத்தே ஆக வேண்டும் என்ற மூன்றாம் படி வராமல் தயான்கள் அசைவதில்லை. என் கோப்பில் இரண்டு வருடமாக இருந்தது வெறும் பரிந்துரை. மூன்றாம் படியை எழுத்தில் கேட்டு மனு போட்டார் அந்த அம்மா. கணவர் என்னிடம் பணம் கேட்டு அனுப்பிய செய்திகளை எல்லாம் தேதி வாரியாக அச்செடுத்து இணைத்தார். குடும்ப சமாதானம் வேண்டும் என்ற அவருடைய பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது. ஆகவே எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள். பேரம் பேசினால், எழுத்தில் அனுப்பும்படி பணிவாகக் கேளுங்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் என்ன முடிவானது என்பதை எழுத்தில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கெட் மறுக்கும் கணவன்மீது சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு வழக்குப் போடலாம். அப்படிப் பெண்கள் வென்ற வழக்குகள் 2004லிருந்து இருக்கின்றன. ஆனால் ரபி நீதிமன்றம் அதை ஏற்பதில்லை. பணத்துக்குப் பயந்து தரும் கெட் கட்டாயக் கெட், அது செல்லாது என்று சொல்லி, வழக்கைத் திரும்பப் பெற்றால்தான் மேலே பேசுவோம் என்பார்கள். எனக்கு அந்த வழக்கு நியாயம் என்றே படுகிறது. ஒரு பெண்ணின் வருடங்களைத் திருடியவன் ஈடு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை எப்போது போடுவது என்பதை ஹலாகா தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

கடைசியில் மூன்றாம் படித் தீர்ப்பு வந்தது. நாட்டை விட்டுப் போகத் தடை வந்தது. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தக் கேட்டு மனுப் போனது; அவருக்குப் பிழைப்பே வண்டி ஓட்டுவதுதான். இதோடு ரப்பேனு தாம் சொன்ன ஒதுக்கிவைப்புக்கும் உத்தரவு வந்தது. அந்தத் தாளை அவர் போகும் ஜெபாலய நிர்வாகியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த சாப்பாத்தில் தோரா என்னும் வேதச் சுருளை வாசிக்க அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. அடுத்த சாப்பாத்திலும் கூப்பிடவில்லை. அவர் தம்பி எனக்குப் போன் செய்து, "அண்ணி, இப்படி ஊரே பேசும்படி செய்துவிட்டீர்களே" என்றார். என்னை இத்தனை வருடம் ஊர் பேசியபோது அவர் போன் செய்யவில்லை. நான் அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் கணவர் சும்மா கெட் தரவில்லை. ஃபிளாட்டை விற்றபோது என் பாதியிலிருந்து 35,000 ஷெக்கல் கூடுதலாகக் கேட்டார். தர வேண்டாம், இன்னும் சில மாதம் பொறுங்கள் என்றார் தோவேனெத் அம்மா. ஆனால் முடிவு உங்களுடையது என்றும் சொன்னார். நான் தந்தேன். அந்தப் பணத்தைவிட அந்தச் சில மாதங்கள் எனக்குப் பெரிதாக இருந்தன. மகளுக்கான ஜீவனாம்சத்தில் மட்டும் ஒரு ஷெக்கல்கூட விடவில்லை. அது பிள்ளையின் உரிமை, அம்மா அதை வைத்துப் பேரம் பேசக்கூடாது என்று சிவில் நீதிமன்றத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். கெட்டுக்காக எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் பிள்ளையின் பங்கைத் தொடாதீர்கள்.

கெட் எழுதிய நாள் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. சோஃபேர் என்னும் எழுத்தர் இறகுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். முதலில் அரை மணி நேரம் பெயர்களைப் பற்றிய விசாரணை. கெட்டில் பெயர் பிழையாக இருந்தால் அது செல்லாது என்பதால், என்னை யார் யார் என்ன பெயரில் கூப்பிடுவார்கள் என்று கேட்டார்கள். எபிரேயப் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள மராத்திப் பெயர், அப்புறம் சென்னையில் பக்கத்து வீட்டு அக்காமார் வைத்த செல்லப் பெயர். அந்தத் தமிழ்ப் பெயரை எபிரேய எழுத்தில் எப்படி எழுதுவது என்று அவர்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டதைக் கேட்டு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நீங்களும் முன்பே எல்லாப் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இது நேரத்தை மிச்சப்படுத்தும். எழுத்தர் தன் பேனாவையும் மையையும் கணவருக்குப் பரிசாகக் கொடுப்பார். கணவர் அவற்றைத் திருப்பித் தந்து, என் மனைவிக்காக எழுதுங்கள் என்பார். பன்னிரண்டு வரிகள். இரண்டு ஆண் சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். பிறகு என்னை மோதிரங்களைக் கழற்றச் சொல்லி, இரு கைகளையும் சேர்த்து ஏந்தச் சொன்னார்கள். கணவர் கெட்டை அதில் போட்டார். நான் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சில அடிகள் நடந்து திரும்பினேன். தயான் அதை வாங்கி, வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி வெட்டினார். நீ எந்த மனிதனுக்கும் உரியவளாகலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் எனக்கு உரியவளாக வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள். என்னோடு அம்மா வந்திருந்தார். தனியாகப் போயிருந்தால் பேருந்து நிறுத்தம் வரைகூட நடந்திருக்க மாட்டேன்.

அந்த வாரம் அம்மா வீட்டில் மலீதா வைத்தார். அவல், தேங்காய், சர்க்கரை, பழம் கலந்து எலியாகு தீர்க்கதரிசியின் பெயரில் நன்றி சொல்லும் எங்கள் சமூகத்து வழக்கம் அது. வந்த உறவுக்காரப் பெண்களிடம் நான் திருமணத்துக்கு முன் கையெழுத்திடும் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினேன். இருவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

"இப்படிப்பட்ட மதத்தை ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய்" என்று சென்னைத் தோழிகள் கேட்கிறார்கள். அன்பில் கேட்கிறார்கள், தெரியும். நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது இந்தத் தயான்களுக்காக அல்ல. என்னைப் பிடித்து வைத்ததும் இந்த மரபுதான், என்னை விடுவித்த வாதங்களும் இந்த மரபில்தான் இருந்தன. அந்த வாதங்களைத் தேடிப் படித்தவர்கள் நம்பிக்கையுள்ள பெண்கள். 1990களில் தேர்வு எழுதக் கேட்டவர்களும், ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தவர்களும், நாடாளுமன்ற வாசலில் நின்றவர்களும் எல்லாம் விட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்கு யார் இருந்திருப்பார்கள்? கணவன் கையில் மட்டும் சாவி இருப்பது மாற வேண்டும். ரபிகள் உட்கார்ந்து மாற்ற வேண்டிய விஷயம் அது. பழைய காலத்து ரபிகள் தடைகளும் வழிகளும் உண்டாக்கியது போல இவர்களாலும் முடியும் என்று நான் நம்புகிறேன், கேட்டுக்கொண்டும் இருப்பேன்.

இஸ்ரேலுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சில தகவல்கள். அங்கே சிவில் விவாகரத்து கிடைத்தாலும் மத முறைப்படி நீங்கள் மனைவியாகவே இருப்பீர்கள், அதனால் சிவில் தீர்ப்பு முடிவதற்கு முன்பே கெட்டைக் கேளுங்கள். தீர்ப்பு வந்த பிறகு உங்கள் கையில் பிடி இருக்காது. இங்கிலாந்தில் 2002ஆம் வருடச் சட்டப்படி, கெட் முடியும் வரை சிவில் விவாகரத்தை இறுதி செய்யாமல் நிறுத்தி வைக்க நீதிபதியிடம் கேட்கலாம். நியூயார்க் மாநிலத்திலும் 1983லிருந்து இதற்கென்று சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓரா என்ற அமைப்பு கெட் மறுப்பு வழக்குகளையே பார்க்கிறது. வெளிநாட்டில் வாழும் யூதக் கணவர் இஸ்ரேலுக்கு வந்தால் சில நிபந்தனைகளோடு இங்குள்ள ரபி நீதிமன்றமே அவர்மீது நடவடிக்கை எடுக்க 2018இல் வந்த ஒரு சட்டம் இடம் தந்தது.

கெட் கிடைத்த பிறகு செய்ய வேண்டியவை: அந்தச் சீட்டு நீதிமன்றத்திலேயே இருக்கும், உங்களுக்குத் தருவது ஒரு சான்றிதழ்தான். அதில் பெயரும் தேதியும் சரியா என்று அங்கேயே பார்த்துவிட்டு, முத்திரையிட்ட பிரதிகள் இரண்டு மூன்று கூடுதலாக வாங்குங்கள். மக்கள்தொகைப் பதிவேட்டில் உங்கள் நிலை மாறியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். எனக்கு மாறியிருக்கவில்லை, வங்கிக் கடன் கேட்டபோது தடங்கல் ஆனது. மறுமணத்துக்கு 92 நாள் காத்திருக்க வேண்டும். விவாகரத்தான பெண் கோஹன் என்னும் ஆசாரியக் குலத்தவரை மணக்க முடியாது என்பதால், யாரையாவது பார்க்கத் தொடங்கினால் அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.